கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

வந்து இறங்கிப் பதினோரு நாள் ஆகியும், தான் எதற்காக வந்தோம் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. கடல் கடந்த நாட்டில் ஓர் இலவசக் கண் ஆஸ்பத்திரி. பல தேசத்து நல்ல மனசுக்காரர்கள் தாங்கள் போட்டுக் கழித்த மூக்குக்கண்ணாடிகளைப் பெட்டி பெட்டியாக அதற்கு அனுப்பிவைக்கிறார்கள். அவற்றைப் பவர் பார்த்துப் பிரித்து, துடைத்து, சீட்டு ஒட்டி அடுக்கிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஆறு மாதத் தொண்டு. கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவளைவிடப் பொருத்தமான ஆள் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

"உனக்கு இங்கேயே தொடைக்க ஆயிரம் கண்ணாடி இருக்கேக்கா" என்று தங்கச்சி மட்டும் முனகினாள். நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாக விமானம் ஏறப்போகிறவளின் காதில் அதெல்லாம் ஏறுமா? ஏறவில்லை.

அந்த நாட்டுப் பேச்சை நான்கு மாதம் மாலை வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் போனாள். (அவர்கள் பேசியதை நான் நம் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். கருத்து மாறாது.) ஆகவே பேச்சு புரிந்தது. புரியாமல் போனது மற்ற எல்லாமும்.

முதலில், பவர் பார்க்கும் மெஷின் வந்து சேரவில்லை. துறைமுகத்தில் யாரோ ஒருவருடைய கையெழுத்துக்காக அது காத்துக் கிடந்தது. யாருடைய கையெழுத்து என்று கேட்டாள். அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மெஷின் இல்லாமல் கண்ணாடிகளை என்ன செய்வது? பிரேம் கறுப்பா பழுப்பா என்று பார்த்து வேண்டுமானால் பிரிக்கலாம்.

மேனேஜர் தங்கமான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பார். ஒன்றையாவது திறந்து அவள் பார்த்ததில்லை. "அவசரமே இல்லை. முதல்ல எல்லாத்தையும் சும்மா பாருங்க, பழகுங்க" என்றார். பார்த்தாள். தினமும் காலையில் எட்டு மணிக்கு எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அவள் முறை வரும்போது "பாத்தேன்" என்பாள். மறுநாள், "நேத்தும் பாத்தேன்." நர்ஸ் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். இவளுக்குக் கூசிப்போகும்.

ஆபீஸ் என்று அங்கே மூன்று அறைகளைச் சொன்னார்கள். "ஆபீஸ்ல வெச்சிருக்கேன்" என்றால் எந்த ஆபீஸ் என்று அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. முதல் நாளே ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்திருந்தார்கள். ஏழு சாவிகள். பதினோரு நாளில் ஒரே ஒரு சாவிதான் எதையாவது திறந்தது. அது விளக்குமாறும் தகர முறமும் வைத்திருக்கும் சின்ன அறை.

எல்லாவற்றையும்விட அவளைக் குழப்பியது அந்த முன்கூடம்தான். காலையில் அறுபது எழுபது பேர் வந்து அவரவர் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள். டோக்கன் கிடையாது, நம்பர் கிடையாது. உள்ளிருந்து நர்ஸ் "அடுத்து" என்றால் யாரோ ஒருவர், ஒரு மூலையிலிருந்து, சரியாக எழுந்து போவார். இன்னொருவர் எழுந்திருக்க மாட்டார். சண்டையும் இல்லை. ஊரில் ரேஷன் கடை வரிசையில் முழங்கையால் இடித்து வளர்ந்தவளுக்கு இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"அடுத்தது யாருன்னு எப்படித் தெரியுது?" என்று நர்ஸைக் கேட்டாள்.

"தெரியும்ல" என்றாள் நர்ஸ்.

அந்த ஒரு சொல்லைத்தான் அங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க, மேலே கேள்வி கேட்கவே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

அவளுக்கு ஜாகை ஏற்பாடு செய்திருந்தது, ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, துணி தைக்கும் ஓர் அம்மாவின் வீட்டில். வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தனிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, பக்கத்தில் ஆள் நின்றால் நிழலாட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். நேர்த் தையல் என்பதால் கைத் தடவலிலேயே ஓட்டிவிடுவாள். ஊசியில் நூல் கோப்பதுதான் முடியாது. முன்பெல்லாம் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும். இப்போது குடிவந்தவள் கிடைத்தாள். தினம் சாயங்காலம் மறுநாளைக்கான பத்து மிஷின் ஊசிகளுக்கு நூல் கோத்து, ஒரு பழைய தலையணையில் குத்தி வைக்க வேண்டியது அவள் வேலையாயிற்று. நூல் அறுந்தால் வீட்டுக்காரம்மா ஊசியையே கழற்றி, கோத்த ஊசியை மாட்டிக்கொள்வாள். பதினோரு நாளில் அந்த நாட்டுக்கு இவள் செய்த ஒரே தொண்டு இதுதான்.

"புதன்கிழமை பெரிய டாக்டர் வராரு" என்று ஒரு நாள் வீட்டுக்காரம்மா சொன்னாள். "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு. பன்னெண்டு பேருக்குத்தான் ஆபரேஷன். கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் பன்னெண்டுதான் எடுத்துட்டு வருவாரு."

"உங்க பேரு இருக்காம்மா?"

"நான் பதிமூணு." அவள் கையால் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். "போன தடவை இருபத்தஞ்சு. அதுக்கு முன்னாடி முப்பத்தேழு. யாராவது ஒருத்தர் வராம போனா நான் பன்னெண்டு. வராம யாரு போவா?"

ஏதோ நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பாள்?

அந்த வீட்டில் இவளுக்குக் கொடுத்த அறையின் கதவு ஒரு கேடுகெட்ட கதவு. நிலை கொஞ்சம் சாய்ந்திருந்ததால் அது தானாகவே சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்ட வேகத்தில் வெளிப்பக்கத் தாழ்ப்பாளும் விழுந்துவிடும். இரண்டு முறை உள்ளே மாட்டிக்கொண்டு, தையல் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. காகிதத்தை மடித்துச் செருகினாள், செருப்பைச் செருகினாள், ஒன்றும் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. மறுநாள் டாக்டர் வருகிறார் என்பதால் எல்லோருக்கும் ஓய்வு. "ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாயேன்" என்று வீட்டுக்காரம்மா அனுப்பிவைத்தாள். ஊரைச் சுற்றிப் பார்க்கவும் பிடிக்கவில்லை. பார்ப்பது என்ற சொல்லே அவளுக்குக் கசந்திருந்தது. கால்கள் தாமாக ஆஸ்பத்திரிக்குப் போயின. வாட்ச்மேன் கேட்டருகே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். தலையாட்டி உள்ளே விட்டான்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே ஆபரேஷன் அறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலடியிலிருந்து மதில் ஓரமாக நீளத்துக்குக் குப்பை கிடந்தது. பாதிச் செங்கல், வார் அறுந்த செருப்பு, வாய் உடைந்த ஜாடி, கம்பி சுற்றிய பாட்டில், ஒரு கல், நசுங்கிய தட்டு, பொம்மைக் கால், அதற்கும் அப்பால் வட்டமாக வளைத்த கம்பியில் கோத்த துருப்பிடித்த தகர வில்லைகள், இன்னும் என்னென்னவோ. நாளைக்குப் பெரிய டாக்டர் வருகிற இடமா இது? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, உண்மையைச் சொன்னால், ஒரு சந்தோஷமும் வந்தது. கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது, அதற்கு வேண்டிய சாவியும் கையில் இருக்கிறது.

விளக்குமாற்றை எடுத்து வருமுன் ஒரு போட்டோ எடுத்தாள். தங்கச்சிக்கு அனுப்பி, "பார்த்துக்கொள், நான் கை வைப்பதற்கு முன்" என்று எழுதினாள்.

உடனே பதில் வந்தது. "இதுக்கா பிளேன் ஏறிப் போனே?" அப்புறம் இன்னொன்று. "ஏன்க்கா, யாரோ வரிசையா வெச்ச மாதிரி இல்ல?"

"குப்பைக்கு என்னடி வரிசை" என்று பதில் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

ஒன்றரை மணி நேரத்தில் அந்த இடம் பளிச்சென்று ஆயிற்று. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினாள். அந்தக் கல்லை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு சாண் நீளம். நடுவில் தேய்ந்து குழிந்து, ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும், கதவுக்கு முட்டுக் கொடுக்கவே செய்த மாதிரி இருந்தது. பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் அந்தக் கல்லை வைத்ததும் கதவு வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அவள் நிம்மதியாகக் கட்டிலில் காலை நீட்டினாள். வீட்டுக்காரம்மா நூல்கண்டைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். கால்விரல் கல்லில் இடித்தது. குனிந்து தடவினாள். எடுத்தாள். நடுக்குழியில் கட்டைவிரலை வைத்து அங்கும் இங்கும் ஓட்டினாள். வெகுநேரம் ஓட்டினாள்.

"இது எங்க கிடைச்சுது?"

ஊரைச் சுற்றிப் பார்க்க அனுப்பினால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெருக்கிவிட்டு வந்தேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "வர்ற வழியில கிடந்துச்சும்மா. கதவுக்கு ஆகும்னு எடுத்துட்டு வந்தேன்."

"வழியிலயா?"

"ஆமா."

"ம்" என்றாள் வீட்டுக்காரம்மா. கல்லைப் பழையபடி கதவடியில் வைத்தாள், மெதுவாக, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல. "நல்ல கல்லுதான்."

பிறகு இவள் ஊசிகளை எடுத்துக்கொண்டு நூல் கோக்க உட்கார்ந்தபோது, "இன்னைக்கு வேணாம். நாளைக்குக் கண்ணு சரியாகப்போவுது, எதுக்கு ஊசி?" என்றாள்.

"பதிமூணுன்னீங்களே?"

"யாராவது ஒருத்தர் வராம போவாங்க" என்றாள் வீட்டுக்காரம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

நேற்று வரை வராமல் யார் போவார் என்று கேட்டவள் இன்று இப்படிச் சொல்கிறாளே என்று இவளுக்குக் குழப்பமாக இருந்தது. இந்த ஊரில் குழப்பத்துக்கா பஞ்சம், அதையும் மற்றதோடு சேர்த்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

காலையில் கண் விழித்தபோது கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளும் விழுந்திருந்தது. கல் எங்காவது உருண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தட்டினாள், கத்தினாள். வீட்டுக்காரம்மா விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தாள். தெருவில் போன யாரோ ஒரு புண்ணியவான் சத்தம் கேட்டு உள்ளே வந்து திறந்துவிட்டபோது மணி ஒன்பது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஒரே கூட்டம். இவள் இதுவரை அந்த ஊரில் கேட்டிராத சத்தம். வயதானவர்களும் நடுவயதுக்காரர்களும் மதிலைத் தடவிக்கொண்டு, தரையைத் தடவிக்கொண்டு, குனிந்தும் மண்டியிட்டும் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். சுத்தமாகப் பெருக்கிய தரையில் அத்தனை கைகள். மேனேஜர் நடுவில் நின்று நான்கு பேனாவையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு சார்?"

"வரிசையை யாரோ அழிச்சுட்டாங்க" என்றார் அவர். 

"எந்த வரிசை?"

அவர் அவளைப் பார்த்த பார்வையில், அது தெரியாத ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை என்பது தெரிந்தது. "ஆபரேஷன் வரிசைதான். முன்னாடியெல்லாம் நோட்டுல எழுதினோம். எழுதுறவங்களுக்குத் தெரிஞ்சவங்க பேரு மேல மேல வந்துச்சு. ஜனங்க நோட்டே வேணாம்னுட்டாங்க. ஆளுக்கு ஒரு பொருள் வெச்சாங்க. கண்ணு தெரியாதவங்க, தடவிப் பாத்தா அடையாளம் தெரியணும்ல? தினம் சாயங்காலம் வந்து தடவி எண்ணிட்டுப் போவாங்க, நேத்து லீவுன்னுதான் யாரும் வரலை. ஆறு வருஷமா ஒரு சண்டை கிடையாது. நாங்க அதைத் தொடுறதே இல்லை. பெருக்குற அம்மாகூட அந்தப் பக்கம் போக மாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்ல?"

 சின்ன வயதில் தெருக்குழாயில் இவளும் தங்கச்சியும் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். தங்கள் குடத்தின் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருப்பார்கள். எவளோ ஒருத்தி ஒரு நாள் அதை நகர்த்தி வைத்ததற்குத் தெருவே இரண்டுபட்டது. குடமாக இருந்திருந்தால் இங்கேயும் தெரிந்திருக்கும். பாதிச் செங்கல்லும் பொம்மைக் காலும் மனிதர்களுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் என்று அவள் கண்டாளா? தங்கச்சிகூட ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கேட்டாளே!

"நான்தான் சார்" என்றாள். "குப்பைன்னு நெனச்சுப் பெருக்கிட்டேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுற்றி நின்றவர்கள் அவள் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். அவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போதுதான் போட்டோ ஞாபகம் வந்தது.

மேனேஜரும் நர்ஸும் கைபேசியின் மேல் கவிந்துகொண்டார்கள். படத்தின் அடியில் "குப்பைக்கு என்னடி வரிசை" என்று அவள் எழுதியது அப்படியே இருந்தது. அந்த எழுத்து அங்கே அவள் ஒருத்திக்குத்தான் படிக்கத் தெரியும். அவள் ஒருத்தி படித்ததே போதும். வாட்ச்மேன் குழியில் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். நர்ஸ் படத்தைப் பார்த்துப் பார்த்து மதில் ஓரமாக வைத்துக்கொண்டே வந்தாள். வைக்க வைக்க ஒவ்வொருவரும் தடவி, "என்னுது", "இது என்னுது" என்று அதற்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கூட்டம் அடங்கியது. பன்னிரண்டாவதாக அந்தத் தகர வில்லைகள் கோத்த கம்பி வந்தது. அவை தையல் மிஷினில் நூல் சுற்றும் பாபின்கள் என்பது இவளுக்கு இப்போதுதான் உறைத்தது. வீட்டுக்காரம்மா வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்தாள். மேலே ஒரு துப்பட்டியை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"பன்னெண்டு" என்றாள் நர்ஸ். இவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி அமர்ந்தது. இத்தனை கூத்துக்குப் பிறகு நல்லதாக ஒன்றாவது நடந்ததே. எண்ணுவதில் முன்பு தவறியிருப்பாள், பாவம்.

"என்னுது எங்கே?" என்று ஒரு குரல் கேட்டது.

தெருமுனையில் கத்தி, அரிவாளுக்குச் சாணை பிடிக்கிறவர். கண் போன பிறகும் சத்தத்தை வைத்தே தீட்டுகிறவர் என்று வீட்டுக்காரம்மா கிண்டலாகச் சொல்லியிருக்கிறாள். அவர் இடது கையில் மூன்று விரல்களில் துணி சுற்றியிருந்தது. "நான் அஞ்சாவது. பாட்டிலுக்கு அப்புறம் நான், எனக்கு அப்புறம் தட்டு."

நர்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாட்டிலுக்கும் தட்டுக்கும் நடுவில், படத்தின் ஓரத்தில், கொழுக்கென்று ஒரு சதை. போட்டோ எடுத்தவளின் கட்டைவிரல்.

"இதுல தெரியலையே. குழியில வேற ஒண்ணும் இல்லையா?"

"சுரண்டிப் பாத்தாச்சு" என்றான் வாட்ச்மேன்.

"பொருள் இல்லாம எப்படிப்பா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "யாரு வேணாலும் நான் அஞ்சுன்னு சொல்லலாமே."

"ரெண்டு மாசமா என் கல்லு அங்கதான் இருக்கு! தெரியும்ல உங்களுக்கெல்லாம்?"

எல்லோருக்கும் தெரிந்திருக்கும்தான். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு இடம் முன்னால் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பொருளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சாணைக்காரர் துணி சுற்றிய கையைத் தூக்கிக் காற்றில் எதையோ தேடினார். "இன்னும் ரெண்டு மாசம் போனா எனக்கு விரலே மிஞ்சாது" என்றார்.

கல். அவளுக்குச் சுரீரென்றது.

 கல் வீட்டில் இருக்கிறது. சொன்னால் அவர் ஐந்து, தட்டு ஆறு, பாபின் பதிமூன்று. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டைவிரல் மறைத்தது மறைத்ததுதான். பதினோரு நாளாக அவளுக்குச் சோறு போட்டு, அவள் கத்தும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து கதவு திறந்துவிட்டவள் அதோ பன்னிரண்டாவதாக உட்கார்ந்திருக்கிறாள். சாணைக்காரர் யார்? தெருமுனையில் ஒரு சத்தம், அவ்வளவுதான். எது நியாயம் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. தான் எந்தப் பக்கம் நிற்க ஆசைப்படுகிறோம் என்பதில்தான் குழப்பம். அந்த ஆசை அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"கல்லு என்கிட்ட இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது தெரிந்தது. "நான்தான் எடுத்துட்டுப் போனேன். கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். தேஞ்ச கல்லு, நடுவுல குழி. ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

வீட்டுக்காரம்மா பக்கம் பார்க்காமல் திரும்பி நடந்தாள்.

"ஓடாதே" என்றாள் வீட்டுக்காரம்மா. "அங்க இல்லை."

துப்பட்டியை விலக்கினாள். மடியில் கல் இருந்தது.

ஓடப் போனவள் நின்றாள். சாத்திய கதவும் விழுந்த தாழ்ப்பாளும் அப்போதுதான் அவளுக்கு விளங்கின.

"நேத்தே தெரிஞ்சுடுச்சு, யாரு கல்லுன்னு" என்றாள் வீட்டுக்காரம்மா, யாரையும் பார்க்காமல். "வழியில கிடந்துச்சுன்னு இவ சொன்னா. நாய் கீய் இழுத்துட்டு வந்திருக்கும்னு நெனச்சேன். நானா எடுத்தேன், நானா போட்டேன்? தானா வந்து என் வீட்டுக் கதவுல நின்னா நான் என்ன செய்யறதுன்னு ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டேன். வெள்ளெனவே எடுத்துட்டுக் கிளம்பிட்டேன், கொண்டுவந்து வெச்சுடலாம்னுதான். வந்தா வரிசையே இல்லை. அப்புறம் மடியிலேயே இருந்துச்சு. எடுத்து வைக்கவும் மனசு வரலை, தூக்கி எறியவும் மனசு வரலை."

சாணைக்காரர் குரலை வைத்து வந்து கையை நீட்டினார். கல்லை வாங்கி நடுக்குழியில் கட்டைவிரலை ஓட்டினார். "இவ்வளவு நேரம் மடியில வெச்சிருந்தியே, உன் கத்திரிக்கோலையாவது தீட்டியிருக்கலாம்ல" என்றார். யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை.

நர்ஸ் கல்லைப் பாட்டிலுக்கு அடுத்து வைத்தாள். தட்டை நகர்த்தினாள், பொம்மைக் காலை நகர்த்தினாள். ஒவ்வொருவராக ஒரு அடி பின்னால் தள்ளி உட்கார்ந்தார்கள். பாபின் கம்பி பதிமூன்றாவதாகப் போயிற்று. பெரிய டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர் பெட்டியில் பன்னிரண்டு லென்ஸ்தான் இருந்தது.

மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்தது. பன்னிரண்டு பொருளும் அவரவர் கைக்குப் போய்விட்டன. மீதியிருந்தவர்கள் தங்கள் பொருள்களை ஜன்னலடிக்கு நகர்த்திவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் கடைசியாக எழுந்தாள். பாபின் கம்பியை எடுத்து, ஜன்னலுக்கு நேர்கீழே, முதல் இடத்தில் வைத்தாள். கையை எடுத்தாள். மறுபடியும் தடவி, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

இவள் பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க அந்த நாட்டுப் பேச்சில் ஏழெட்டு வாக்கியங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"மூக்கைச் சிந்தாதே" என்றாள் வீட்டுக்காரம்மா. அவள் கண்களும் நனைந்துதான் இருந்தன. "இப்பவாவது தெரியுதா, இது குப்பை இல்லைன்னு?"

"தெரியும்" என்றாள் இவள்.

"கையைக் குடு, நடக்கலாம். தலையணை உறை அறுபது பாக்கி கிடக்கு." இவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற அளவுக்கு. "வேலை இல்லை, வேலை இல்லைன்னு தினம் புலம்பிட்டிருந்தியே. இன்னும் ரெண்டு மாசத்துக்கு எனக்கு ஊசி கோத்துக் குடு."